காவி எழுதிய நெற்றி

தேயிலைத் தோட்டத்து டாக்டர் ஐயா கொடுத்த மூன்று மாதத் தவணை இந்த வெள்ளிக்கிழமையோடு முடிகிறது என்பதை மற்றவர்கள் மறந்திருக்கலாம். சுகிர்தம் மறக்கவில்லை. தவணை வைத்தவரை விடக் காத்திருப்பவருக்குத்தானே நாள் நினைவிருக்கும்.

'ஸ்கான் ரிப்போட் வரும்வரை இவளுக்குக் கூடை வேண்டாம், பிள்ளைக் காம்பராவில் கூட்டிப் பெருக்கட்டும்' என்று அவர் துண்டு எழுதிக் கொடுத்திருந்தார். கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுச் செல்லும் அறைதான் பிள்ளைக் காம்பரா. அங்கே துணி அலசலாம், பால்மா கரைக்கலாம், அழுகிற பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நடக்கலாம். தலையில் எதுவும் சுமக்க வேண்டியதில்லை.

ஆனால் ரிப்போட்டில் ஒன்றுமில்லை என்று வந்துவிட்டால், திங்கட்கிழமை காலை அவள் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் மற்றப் பெண்களோடு நின்று கூடையை மாட்டிக்கொண்டு மலைக்கு ஏற வேண்டும். அதையும் அவர் சொல்லித்தான் அனுப்பினார்.

ஆகவே, 'கடவுளே, நோய் இல்லை என்று சொல்லிவிடப் போகிறார்களே' என்று பயந்துகொண்டு ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்ட ஒரே மனுஷி அந்த வெள்ளிக்கிழமை அவளாகத்தான் இருந்திருப்பாள்.

"அம்மா, திரும்புங்க. இந்தப் பக்கம் மட்டும் சீவிவிட்டுர்றேன்," என்றாள் மகள் யூஜினா.

தலவாக்கலையில் புடவைக் கடை ஒன்றில் வேலை செய்கிறவள். இன்றைக்கு லீவு சொல்லியிருந்தாள். அம்மாவின் தலையில் இடப்பக்கத்தை மட்டும் சீவி, வலப்பக்கத்து மயிரைச் சீப்புப் படாமல் விரலால் தொட்டுத் தொட்டு ஒதுக்கிப் பின்னினாள். மூன்று வருடத்தில் அவளுக்கு இது ஒரு கைவேலையாகவே பழகிவிட்டது.

வலது புருவத்துக்கு மேலிருந்து உச்சி வரைக்கும், ஒரு கையகல இடம். அங்கேதான் அந்த வலி. மிளகாயை அரைத்துப் பூசிய மாதிரி எந்நேரமும் எரியும். காற்றில் மயிர் அசைந்தால் போதும், எரிச்சலுக்கு நடுவில் சுரீரென்று ஒரு இழுப்பு இழுக்கும். குத்துகிற இடத்தைத் தொட்டு ஆற்றவும் முடியாது. தலையணையில் அந்தப் பக்கம் சாய்ந்து மூன்று வருடம் ஆகிறது. முதல் வருடம் அழுதாள். இரண்டாம் வருடம் மாதாவிடம் சண்டை போட்டாள். இப்போது அலுத்துவிட்டது. வலிக்கு அலுக்கவில்லை, அவளுக்குத்தான்.

கொழுந்துக் கூடையின் கயிறு உட்காருவது சரியாக அதே இடத்தில். மடித்த துணியை அடியில் வைத்துப் பார்த்தாள். கயிற்றைத் தோளுக்கு இறக்கிக் கட்டிப் பார்த்தாள். சரிவில் கூடை புரண்டு அரைநாள் கொழுந்தும் வடிகானுக்குள் கொட்டிற்று. அன்றைக்கு வேலையை மேற்பார்க்கும் அழகுமுத்துக் கங்காணி அத்தனை பெண்களுக்கும் முன்னால் சொன்னார்:

"ஏன், ராணியம்மா தலையில மகுடம் வச்சாத்தான் நிக்குமோ?"

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால் தெரியும் என்பார்கள். கங்காணிக்கு வரவில்லை, தெரியவில்லை. ஆனால் அன்று மாலையே அவள் புருஷன் சூசைரட்ணம் கங்காணியின் வீட்டு வாசலில் போய் நின்றார். "எம் பொஞ்சாதி வலிக்குதுன்னா வலிக்குதுதான். பொய் சொல்றவ இல்ல அவ," என்று சத்தம் போட்டுவிட்டு வந்தார்.

அந்த வார்த்தைதான் சுகிர்தத்துக்கு வலியை விடப் பெரிய பாரம். ஏனென்றால் அவள் பொய் சொல்லியிருந்தாள்.

*

அந்தப் பொய்யின் கதை சின்னதுதான்.

மூன்று வருடங்களுக்கு முன்னால் ஓகஸ்ட் மாதம், சூசைரட்ணம் மாதா கோயில்காரர்களோடு தலவில புனித அன்னம்மாள் திருவிழாவுக்குப் போய் இரண்டு வாரம் தங்கியிருந்தார். அவர் போன மூன்றாம் நாள் சுகிர்தத்தின் வலது நெற்றியில் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பிற்று. கண் வீங்கி மூடிக்கொண்டது. பார்த்த பெண்கள் எல்லாரும் ஒரே வார்த்தைதான் சொன்னார்கள்: அக்கி.

அக்கிக்கு ஆஸ்பத்திரி மருந்து ஆகாது, எழுதத்தான் வேண்டும் என்பது தோட்டத்தில் யாருக்கும் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லாத பாடம். மேட்டு லயத்து வரிசை வீடுகளில் இருக்கும் ஆண்டியப்பன் எழுதுவார். பதினாறு வயது யூஜினாதான் ஓடிப்போய் அவரைக் கூட்டி வந்தாள். அவர் காவிக்கல்லை உரைத்து, கோழி இறகால் தொட்டு, மாரியம்மன் கோயில் பக்கம் சுகிர்தத்தைத் திருப்பி உட்கார வைத்து, மந்திரம் முணுமுணுத்துக்கொண்டே அவள் நெற்றியில் சிங்கம் போல ஒன்றை வரைந்தார். மூன்று நாள் வரைந்தார். பத்தே நாளில் கொப்புளம் காய்ந்து விட்டது.

வேறு வீடாக இருந்தால் கதை அதோடு முடிந்திருக்கும். இது சூசைரட்ணம் வீடு. பாதர் மாதத்தில் ஒரு ஞாயிறுதான் தோட்டத்துக்கு வருவார். மற்ற ஞாயிறுகளில் ஜெபம் நடத்துவது சூசைரட்ணம். குறி சொல்லும் கோடாங்கியிடம் போய்த் தாயத்துக் கட்டிக்கொண்டு வந்த குற்றத்துக்காகச் சொந்தத் தம்பியின் மனைவியையே ஆறு ஞாயிறு கோயில் வாசலில் நிறுத்தி, மழையோடு மழையாக ஜெபம் கேட்க வைத்த மனிதர். அவருடைய பெண்சாதி நெற்றியில் மாரியம்மன் காவி!

காவியைக் கழுவிவிட்டாள். தழும்பைக் கழுவ முடியவில்லை. "அடுப்பு ஊதும்போது தணல் தெறிச்சிருச்சுங்க," என்றாள். அவர் நம்பினார். நம்பியது மட்டுமா, அடுத்த வாரமே அடுப்புக்குப் புதுத் தகடு அடித்துக் கொடுத்தார்.

கொப்புளம் போன இடத்தில் வலி மட்டும் தங்கிவிட்டது. எந்த டாக்டர் கேட்டாலும் அவள் அக்கியைச் சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்பதற்காக மட்டுமில்லை. அது நோயே அல்ல, தண்டனை என்று அவள் முடிவு கட்டியிருந்தாள். பாவத்தைப் போய் டாக்டரிடம் சொல்வார்களா?

*

முதல் பஸ்ஸில் ஹட்டனுக்கு வந்து, அங்கிருந்து இன்னொரு பஸ் பிடித்துப் பெரியாஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி பத்தாகிவிட்டது. வழி நெடுக சூசைரட்ணம் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, கண்ணாடி மூடாத சந்தில் தன் தொப்பியைச் செருகிக் கையால் பிடித்துக்கொண்டே வந்தார். அவள் தலையில் காற்றுப் படக்கூடாது. கை மரத்துப் போயிருக்கும். கையை மாற்றவும் இல்லை.

நல்ல மனுஷர். அதுதான் தொல்லை. கெட்டவராக இருந்தால் எப்போதோ சொல்லியிருக்கலாம்.

கிளினிக்கில் இருந்த டாக்டர் கேதீஸ்வரி யாழ்ப்பாணத்துக்காரி. மாற்றலாகி வந்து ஒரு வருடம்தான். வாசலில் ஐம்பது பேர் நின்றார்கள். அவள் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள், இரத்தப் பரிசோதனைத் தாள்களைப் புரட்டினாள், மறுபடி படத்தைப் பார்த்தாள்.

"ஸ்கானில ஒண்டும் இல்லை. இரத்தத்திலயும் ஒண்டும் இல்லை. எல்லாம் நோர்மல் எண்டுதான் எழுதியிருக்கினம்."

"மாதாவே!" என்று சூசைரட்ணம் கையெடுத்துக் கும்பிட்டார். "கட்டி கிட்டி ஒன்னும் இல்லீங்களா டாக்டரம்மா?"

"இல்லை ஐயா. அப்பிடி ஒண்டும் இல்லை."

மூன்று மாதமாக அவர் மனசுக்குள் மூடி வைத்திருந்த சொல் அதுதான் என்று சுகிர்தத்துக்கு அப்போதுதான் தெரிந்தது. கட்டி. அவள் செத்துப் போய்விடுவாள் என்று பயந்துகொண்டேதான் அந்த மனிதர் இத்தனை நாளும் தொப்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

டாக்டர் எழுந்து வந்தாள். ஒரு துண்டுப் பஞ்சை எடுத்து, அவளுடைய இடது நெற்றியில் மெல்லத் தடவினாள். ஒன்றுமில்லை. வலது நெற்றியில் வைத்தாள். சுகிர்தம் நாற்காலியோடு பின்னால் போனாள். கண்ணில் தண்ணீர் கொட்டிற்று.

"பஞ்சுக்கே இப்பிடித் துடிக்கிறா," என்று டாக்டர் தனக்குள் சொல்லிக்கொண்டாள். குனிந்து தழும்பைப் பார்த்தாள். "இது என்ன தழும்பு?"

சூசைரட்ணம் முந்திக்கொண்டார். "அடுப்புத் தணல் தெறிச்சதுங்க. மூணு வருஷமாச்சு."

"தணலோ? தணல் எண்டால் அங்க இங்க படும். இது நடு நெத்தியில கோடு கீறின மாதிரி நிக்குது, மற்றப் பக்கம் போகவேயில்லை." அவள் சுகிர்தத்தின் முகத்தை நேராகப் பார்த்தாள். "நீங்க சொல்லுங்கோ அம்மா. முந்தி இதில கொப்பளம் கொப்பளமா ஏதும் வந்ததோ?"

கதவருகே நின்ற யூஜினா ஒரு அடி முன்னால் வந்தாள். சூசைரட்ணம் மனைவியைப் பார்த்துச் சிரித்தார், 'சொல்லேன்' என்பதுபோல.

"இல்லீங்க," என்றாள் சுகிர்தம். "தணல்தாங்க."

டாக்டர் கையிலிருந்த பஞ்சைக் குப்பைக்கூடையில் போட்டாள். பிறகு போய் உட்கார்ந்துவிட்டாள். "அப்பிடியெண்டால் என்னால எழுத ஒண்டுமில்லை. ரிப்போட்டில இருக்கிறதைத்தான் எழுதித் தரலாம். மனசில ஏதும் யோசனை இருந்தாலும் உடம்பு நோகும். மனநல கிளினிக்குக்கு ஒரு கடிதம் தாறன். விருப்பமெண்டால் போங்கோ."

*

வெளியே வந்ததும் சூசைரட்ணம் சிலுவை போட்டுக்கொண்டார். மனநலக் கடிதத்தை நாலாக மடித்துக் காற்சட்டைப் பையில் திணித்தார்.

"இதெல்லாம் யாருக்கும் தெரிய வேணாம். அங்கொடை பைத்தியாஸ்பத்திரிக்குப் போறோம்னு ஊரு கதை கட்டிரும். உனக்கு ஒன்னுமில்ல புள்ள! பெரிய மிசினே சொல்லிருச்சு. நான் போயி ஆபீசுக்குப் போன் போட்டுச் சொல்லிட்டு வந்துர்றேன். அந்த அழகுமுத்துக் கங்காணி கேக்கட்டும், எம் பொஞ்சாதிக்கு ஒரு நோயும் கெடையாதுன்னு."

"என்னாங்க, இருங்க," என்றாள் சுகிர்தம்.

அவர் அதற்குள் ரோட்டைத் தாண்டி எதிர்க் கடைக்கு ஓடிவிட்டார். ஐம்பது வயது மனிதர் பிள்ளை பிறந்த செய்தி சொல்லப் போகிறவர் மாதிரி ஓடினார். பார்க்கப் பாவமாக இருந்தது. அவர் இப்போது சொல்லப்போகிற நல்ல செய்தியால் திங்கட்கிழமை அவள் தலையில் கயிறு ஏறப்போகிறது என்பது அவர் புத்தியில் எட்டவேயில்லை. நோய் இல்லை என்றால் வலியும் இல்லை, அவ்வளவுதான் அவர் கணக்கு.

தாயும் மகளும் தண்ணீர்ப் பைப்புக்குப் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தார்கள்.

"ஏம்மா பொய் சொன்னீங்க? அவங்களாத்தானே கேட்டாங்க?" யூஜினா அம்மாவின் பக்கம் திரும்பினாள். "கொப்பளம் வந்துச்சான்னு அவங்களே கேட்டாங்களேம்மா!"

"அப்பா நின்னாங்கல்ல."

"அப்பா இல்லாட்டி சொல்லியிருப்பீங்களா?"

சுகிர்தம் கையை நீட்டிப் பைப்பை இறுக்கிப் பார்த்தாள். தண்ணீர் சொட்டிக்கொண்டேதான் இருந்தது.

"அது நோயி இல்ல பாப்பா. பாவம். மாதா கோயில்ல ஜெபம் படிக்கிறவரு பொஞ்சாதி அம்மன் கோயிலைப் பாத்து ஒக்காந்தேன். அது அப்படித்தான் எரியும். எந்த மிசினுக்குத் தெரியும் அது? அதான் ஒன்னுமில்லன்னு வருது."

யூஜினா அம்மாவையே பார்த்தாள். இந்த எண்ணத்தை அம்மா மூன்று வருடம் தனியாகச் சுமந்திருக்கிறாள் என்பது அவளுக்குப் புதிது. கோபத்தில் அவளுக்கு அழுகை வந்தது.

"ஆண்டியப்பன் மாமாவைக் கூட்டியாந்தது யாரு?"

"நீதான்."

"காவி ஒரைக்கத் தண்ணி கொண்டாந்து குடுத்தது?"

"நீதான். அதுக்கென்னா இப்ப?"

"பாவம்னா எனக்கும்தானே பாவம்? உங்களுக்குக் கண்ணு தெரியல, காய்ச்சல்ல கெடந்தீங்க. நான் நல்லாத்தானே இருந்தேன்? நான்தானே ஓடுனேன்? அப்ப எனக்கு ஏம்மா வலிக்கல?"

சுகிர்தம் மகளைத் திரும்பிப் பார்த்தாள்.

மூன்று வருடத்தில் எத்தனை தரம் அந்தப் பாவத்தை எடுத்துப் புரட்டிப் பார்த்திருப்பாள். இந்தப் பக்கம் அவள் ஒருநாளும் திருப்பியதில்லை. மாதா அநியாயக்காரியா? பதினாறு வயதுப் பிள்ளையை விட்டுவிட்டுக் காய்ச்சலில் கிடந்தவளையா பிடிப்பாள்? அல்லது அது தண்டனைதான் என்றால், நல்லவேளை பிள்ளையைப் பிடிக்கவில்லை என்று இப்போது ஏன் தோன்றுகிறது?

"மணி என்னா?" என்றாள்.

"பன்னெண்டாகப் போகுது. டாக்டரம்மா எழும்பிருவாங்க."

"நீ இங்கேயே இரு. அப்பா வந்தா, அம்மா பாத்ரூம் போயிருக்குன்னு சொல்லு."

சொல்லிவிட்டு எழுந்தாள். 'இன்னுமொரு பொய்' என்று நினைத்தாள். நினைத்துக்கொண்டே நடந்தாள்.

*

டாக்டர் கைப்பையை எடுத்துக்கொண்டிருந்தாள். சுகிர்தம் கதவைச் சாத்திவிட்டு நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினாள். தலவில, கொப்புளம், ஆண்டியப்பன், காவி, தணல். மூன்று வருடத்துக் கதை மூன்று நிமிடத்தில் முடிந்துவிட்டது. இவ்வளவுதானா என்று அவளுக்கே இருந்தது.

"அக்கியே?" என்றாள் டாக்டர். கைப்பையை மேசையில் வைத்தாள். "ஐயோ அம்மா! இதைத்தானே நான் கேட்டனான்!"

"கோயில் விசயமுங்க. டாக்டர்கிட்ட சொல்றதில்லைன்னு…"

"எங்கட ஊரிலயும் எழுதுறவைதான். என்ர அம்மம்மாவுக்கும் எழுதினது. காவி ஒண்டும் செய்யாது, நல்லதும் செய்யாது, கெட்டதும் செய்யாது. இருங்கோ, சொல்லுறன்." அவள் தன் நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். "அக்கி எண்டது தோல் வருத்தம் மட்டுமில்லை. உள்ள நரம்புக்குள்ள வாறது. மேலால தோல் ஆறிப்போச்சு. நரம்பு ஆறேல்லை. அதுதான் நோகுது. ஸ்கானில அது தெரியாது, இரத்தத்திலயும் தெரியாது. கதை சொன்னால்தான் தெரியும்."

"அப்ப… இது நெசமான வலிங்களா?"

கேட்டுவிட்டு அவளுக்கே வெட்கமாக இருந்தது. மூன்று வருடம் எரிந்த தலைக்குச் சொந்தக்காரி, இது நிஜமா என்று இன்னொருத்தியிடம் கேட்கிறாள்.

"நிசம்தான் அம்மா. இதில நடிக்கேலாது. கன பேருக்கு வாறது."

சுகிர்தம் அழவில்லை. அழுகிற அளவுக்குத் தெம்பு இல்லை. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். உடம்பில் ஏதோ ஒரு முடிச்சு தளர்ந்தது. வலி மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது.

"முழுசா மாறுமுங்களா?"

"பொய் சொல்ல மாட்டன். மூண்டு வருசம் ஆச்சு. மருந்து தாறன், கொஞ்சம் கொஞ்சமாக் குறையும். முழுசா மாறுமோ எண்டு சொல்லேலாது. வாய் காயும், நித்திரை வரும், பயப்பிடாதேங்கோ. அந்த இடத்தில பாரம் படவே கூடாது."

"அதைத் துண்டுல எழுதிக் குடுப்பீங்களா? தோட்டத்து டாக்டர் ஐயாவுக்கு?"

டாக்டர் எழுதினாள். ஒரு பக்கம் நிறைய ஆங்கிலம். நோயின் பெயர், காரணம், எந்த வருடம் அக்கி வந்தது, தலையில் கூடை கூடாது, எல்லாம் இருந்தது. முத்திரை குத்தி நீட்டினாள்.

"இதை அவருக்குக் காட்டினால் விளங்கும். உங்கட அவருக்கும் சொல்லத்தான் வேணும்."

"தெரியுமுங்க," என்றாள் சுகிர்தம்.

*

ஹட்டனில் டயகம பஸ் ஏறும்போது மழை தூறத் தொடங்கியிருந்தது. சூசைரட்ணம் கோயிலுக்கென்று ஒரு பெட்டி மெழுகுதிரி வாங்கியிருந்தார். அவர் முகத்தில் இருந்த வெளிச்சத்தைப் பார்க்க சுகிர்தத்துக்குச் சகிக்கவில்லை.

"கங்காணியே போன்ல வந்தாரு. 'அப்ப திங்கக்கிழமை நாலாம் நம்பர் மலைக்கு அனுப்பிருங்க'ன்னாரு. அனுப்புறேன்னு சொல்லிட்டேன். நீ மெதுவாப் பழகிக்க, என்னா?"

பின் சீட்டில் இருந்த யூஜினா அம்மாவின் தோளைத் தொட்டாள்.

கொட்டகலை தாண்டியது. சுகிர்தம் மடியிலிருந்த கடிதத்தை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

"இதென்னா?"

"நான் திரும்பப் போயி டாக்டரம்மாவைப் பாத்தேன். அது தணல் இல்லீங்க. அக்கி. நீங்க தலவிலைக்குப் போயிருந்தப்ப வந்துச்சு. ஆண்டியப்பன் வந்து காவியில எழுதினாரு. மூணு நாள் எழுதினாரு. உங்ககிட்ட தணல்னு சொன்னேன்."

பஸ் இரைந்துகொண்டு ஏறியது. சூசைரட்ணம் கடிதத்தைப் பார்த்தார். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. இருந்தாலும் மேலிருந்து கீழ்வரை பார்த்தார்.

"மேட்டு லயத்துக்கெல்லாம் தெரியுமா?"

"தெரியும்."

"பாப்பாவுக்கு?"

"தெரியும்."

"எனக்குத்தான் தெரியாது." அவர் குரல் ஏறவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "கங்காணி வாசல்ல போயி நின்னேன். எம் பொஞ்சாதி பொய் சொல்ல மாட்டான்னேன். மூணு வருசம் அடுப்பைப் பாக்கும்போதெல்லாம் எரிச்சலா வரும் எனக்கு, இதுதானே எம் பொஞ்சாதி தலையில தீயை வச்சுச்சுன்னு. நீ பாத்துக்கிட்டேதானே இருந்த?"

"பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்."

"ஏன்?"

"உங்க தம்பி பொஞ்சாதி மழையில நின்னதையும் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்."

சூசைரட்ணம் எதிர்சீட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டார். தலவாக்கலையில் ஆட்கள் இறங்கினார்கள், ஏறினார்கள். லிந்துலை தாண்டியபோது அவர் கடிதத்தை மடித்துத் தன் சட்டைப் பைக்குள் வைத்தார்.

"இதைக் குடுத்தா டாக்டர் ஐயா படிச்சுச் சொல்வாரு. அக்கின்னு தெரிஞ்சா எழுதுனதும் ஆபீசு, பெரட்டு எல்லாம் போயிரும். ஞாயித்துக்கிழமை நான் என்னா மொகத்தோட ஜெபம் படிப்பேன்? இப்ப குடுக்க வேணாம். கொஞ்சம் யோசிப்போம்."

"திங்கக்கிழமை கூடைங்க."

"ரெண்டு வாரம் தாங்கிக்க. மாசக் கடைசில பாதர் வருவாரு. அவருகிட்டக் கேட்டு…"

ரெண்டு வாரம். சுகிர்தம் அந்த நல்ல மனிதரைப் பார்த்தாள். காலையில் இதே கையால்தான் தொப்பியைப் பிடித்துக்கொண்டு வந்தார். காற்றுக்கே மறைப்புக் கட்டியவர், இப்போது கயிற்றைத் தாங்கிக்கொள் என்கிறார். அவர் மாறிவிடவில்லை, அவருக்குத் தெரியவில்லை. சொன்னாலும் தெரியாது. யாருக்கும் தெரியாது. இந்த வலியில் அவளுக்குத் துணை யாரும் இல்லை, இனிமேல் பாவம்கூட இல்லை.

அவள் கையை நீட்டி அவர் சட்டைப் பைக்குள் விட்டாள். இருபத்திரண்டு வருடக் குடித்தனத்தில் அவள் அந்தப் பையில் கை வைத்தது அதுதான் முதல் தடவை. பக்கத்துச் சீட்டுக்காரி திரும்பிப் பார்த்தாள். சுகிர்தம் கடிதத்தை எடுத்துத் தன் மடியில் முடிந்துகொண்டாள்.

"சுகிர்தம்!"

"சண்டை போட எனக்குத் தெம்பு இல்லீங்க. உங்களைக் கொற சொல்லவும் இல்ல. பொய் சொன்னது நான். ஆனா இந்த வலி எனக்குத்தான். இந்தக் காயிதமாவது எங்கிட்ட இருக்கட்டும்."

பாதர் இருக்கும் பங்குக் கோயில் சந்தியில் பஸ் நின்றது. தோட்டத்துக்கு இன்னும் நாலு மைல் இருந்தது. சூசைரட்ணம் மெழுகுதிரிப் பெட்டியோடு எழுந்து நின்றார்.

"அப்பா, எங்க எறங்குறீங்க?" என்றாள் யூஜினா.

அவர் மகளைப் பார்க்கவில்லை. மனைவியிடம்தான் கேட்டார். "ஞாயித்துக்கிழமை கோயிலுக்கு வருவியா?"

வா என்கிறாரா, வராதே என்கிறாரா என்று அவள் யோசித்துப் பார்க்கவில்லை.

"வருவேன். வாசல்ல நிறுத்துறதா இருந்தா நிறுத்துங்க, ஆறு வாரமில்ல, அறுபது வாரம் நிக்கிறேன். மழையில நின்னாலும் தலையில கயிறு இல்லாம நிப்பேன்ல."

கொண்டக்டர் பெல்லை அடித்தான். சூசைரட்ணம் இறங்கினார்.

பஸ் வளைவில் திரும்பும்வரை யூஜினா பின் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தாள். அப்பா பாதர் வீட்டுப் படிக்கட்டிலும் ஏறவில்லை, தோட்டத்துப் பாதையிலும் திரும்பவில்லை. மழையில், ரோட்டு ஓரத்தில், அதே இடத்தில் நின்றார்.

"அம்மா, அப்பா அங்கேயே நிக்கிறாங்க."

"நிக்கட்டும்," என்றாள் சுகிர்தம். "டாக்டர் ஐயா டிஸ்பென்சரியை எத்தனை மணிக்குச் சாத்துவாரு?"